பொற்கொல்லன் எதைப் பார்த்தான்?



கதையில் வரும் வில்லனைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரு வில்லனை எது நம்ப வைக்கிறது? அவனைப் பார்த்து நமக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது? இதுதான் தலைப்பு. நல்லவர்களைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கெட்டவனைப் பற்றிப் பேச ஆள் தேடியபோது என் நினைவு எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதே நல்லது.

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். தமிழில் உங்களை மிகவும் பயமுறுத்திய வில்லன் யார்? மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சிலர் இராவணன் என்பீர்கள். சிலர் சகுனி என்பீர்கள். சினிமா ரசிகர்கள் பி. எஸ். வீரப்பா என்பார்கள், நம்பியார் என்பார்கள், அடுத்த தலைமுறை மார்க் ஆண்டனி என்றும் நீலாம்பரி என்றும் சொல்லும். எல்லாம் பெரிய ஆட்கள். பெரிய பெயர்கள். நான் சொல்லப்போகிற ஆளுக்குப் பெயரே கிடையாது. படை கிடையாது. வாள் கிடையாது. ஒரே ஒரு காதையில் வந்து போகிறான். அவன் வந்து போன பிறகு பாருங்கள்: ஒரு வணிகன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். ஒரு பாண்டியன் அரியணையிலேயே உயிரை விடுகிறான். அவன் தேவியும் போகிறாள். மதுரை எரிகிறது.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைத்தான் சொல்கிறேன்.

கொலைக்களக் காதையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆயர்பாடியில் மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் பரிமாறுகிறாள். கோவலன் சாப்பிடுகிறான். வெற்றிலை பாக்கு வாங்கிப் போட்டுக்கொள்கிறான். ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரை வீதிக்குக் கிளம்புகிறான். வழியில் ஒரு காளை பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்பது மாடு மேய்க்கிற குலத்துக்குத் தெரியும். புகாரிலிருந்து வந்த வணிகர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. நடந்துகொண்டே இருக்கிறான்.

எதிரே வருகிறான் அவன். பின்னால் நூறு தட்டார்கள். உடம்பில் அரண்மனைச் சட்டை. கையில் கொறடு. பார்த்தவுடன் கோவலனுக்கு என்ன தோன்றும்? இவன் பெரிய மனிதன், அரசனுக்கு வேண்டியவன், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றும். அப்படித்தான் தோன்றுகிறது. அருகில் போய்க் கேட்கிறான்: அரசியார் அணியத் தக்க காற்சிலம்பு ஒன்றுக்கு உன்னால் விலை போட முடியுமா? பொற்கொல்லன் கைகூப்புகிறான். எனக்கு எங்கே தெரியப்போகிறது, ஆனாலும் அரசருக்கு அணி செய்கிறவன் நான்தான் என்று பணிவாகச் சொல்கிறான். கோவலன் பொதியை அவிழ்க்கிறான்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். சிலம்பு வெளியே வருகிறது. பொற்கொல்லன் பார்க்கிறான். எதைப் பார்த்தான்?

முதலில் வேலைப்பாட்டைப் பார்த்தான். அது தொழில்காரனின் கண். அரசியின் சிலம்பைப் போலவே இருக்கிறது. அந்த அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனே இவன்தான். அடுத்து ஆளைப் பார்த்தான். இவன் வெளியூர்க்காரன். இந்த ஊரில் இவனுக்காகச் சாட்சி சொல்ல ஒரு நாதி கிடையாது. என் திருட்டு வெளியே தெரிவதற்கு முன்னால் இந்தப் புதியவன் தலையில் அதைக் கட்டிவிடலாம். ஒரு நொடிதான். கணக்கு முடிந்தது. இதை அரசியாரைத் தவிர வேறு யார் அணிய முடியும், நான் போய் அரசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை என் குடிலுக்குப் பக்கத்தில் இருங்கள் என்கிறான். கோவலன் இருக்கிறான். மரியாதையாகப் பேசுகிற மனிதன் சொன்னால் யார்தான் இருக்க மாட்டார்கள்?

அரண்மனைக்குப் போகிறான். அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது? ஆடல் மகளிரின் கூத்தை அரசன் பார்த்திருக்கிறான். அதில் மனம் போய்விட்டது. தேவிக்குக் கோபம். கோபத்தைக் காட்டாமல் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அரசன் அமைச்சர்களை அனுப்பிவிட்டு, அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்தை நோக்கி விரைகிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுகிறான்.

இப்போது எதைப் பார்த்தான்? மனைவியிடம் போகிற அவசரத்தில் இருக்கும் ஒரு கணவனைப் பார்த்தான். அங்கே சபை இல்லை. அமைச்சர் இல்லை. வழக்கைக் கேட்கிற பொறுமை அந்த முகத்தில் இல்லை. சிலம்பைத் திருடியவன் என் குடிலில்தான் இருக்கிறான் என்கிறான். கோபித்துக்கொண்டு உள்ளே படுத்திருப்பவளின் தொலைந்த சிலம்பு! இதைவிட நல்ல சமாதானப் பரிசு அரசனுக்குக் கிடைக்குமா? காவலர்களைக் கூப்பிடுகிறான். சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள் என்கிறான். ஆராயாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிறகு நாம் அந்த அரசனை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். சாதாரண எழுத்தாளன் முடித்திருப்பான். இளங்கோ முடிக்கவில்லை. காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். எவ்வளவு அருமையான இடம்! பொய் இங்கே உடைந்திருக்க வேண்டும்.

பொற்கொல்லன் என்ன செய்தான்? சிரித்தான். பிறகு பாடம் நடத்தினான். திருடர்களுக்கு எட்டுத் துணை உண்டு என்று எண்ணிச் சொல்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரம் போட்டால் கண்ணுக்கே தெரிய மாட்டான், மருந்து வைத்தால் நீங்கள் மயங்கி நிற்பீர்கள் என்கிறான். பிறகு ஒரு கதை சொல்கிறான். அரண்மனைக்குள் தூதனாக நுழைந்து, இரவில் பெண் வேடத்தில் பள்ளியறை விளக்கு நிழலில் ஒளிந்து, தூங்கிக்கொண்டிருந்த இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்தான் ஒரு திருடன். இளவரசன் உடைவாளை உருவினான். திருடன் உறையைப் பிடித்துக்கொண்டான். கைகலப்பு. ஒரு தூண் அருகில் போனான், மாயமானான். இன்றுவரை அகப்படவில்லை.

காவலர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கேட்கக் கேட்க, எதிரில் நிற்கிற கோவலன் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிக்கொண்டிருக்கிறான். அப்போது காவலர்களில் ஒரு இளைஞன் வாய் திறக்கிறான். ஆமாம், எனக்கும் ஒரு மழை இரவில் அப்படி நடந்தது, கையில் கன்னக்கோலோடு ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், அதைப் பறித்துக்கொண்டு போனவனைப் பிறகு நான் பார்க்கவேயில்லை என்று தன் சொந்த அனுபவத்தைச் சொல்கிறான்.

அவ்வளவுதான். இனி பொற்கொல்லன் பேச வேண்டியதில்லை. அவன் பொய்க்கு இன்னொருவன், நேர்மையான ஒருவன், தன் வாழ்க்கையிலிருந்தே சாட்சி எடுத்துக் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் இருந்த ஒரு கல்லாத குடிகாரன் வாளை வீசுகிறான். கோவலன் சாய்கிறான். கவனியுங்கள்: பொற்கொல்லன் கையில் ஒரு துளி ரத்தம் இல்லை.

நண்பர்களே, எனக்குத் தெரிந்தவரை உலக இலக்கியத்தில் இதற்கு இணையான வில்லன் காட்சிகள் குறைவு. ஷேக்ஸ்பியரின் இயாகோவை இந்த வரிசையில் வைக்கலாம். அவனும் வாளைவிடக் கைக்குட்டையைத்தான் அதிகம் நம்பினான். ஒதெல்லோவில் வருகிற பலரும் அவனை யோக்கியன், யோக்கியன் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அவனுக்கு ஐந்து அங்கங்கள் கொடுத்தார் ஷேக்ஸ்பியர். இளங்கோ கொடுத்தது ஒரு காதையில் பாதி.

நான் சொல்ல வந்தது இதுதான். அச்சமூட்டுகிற வில்லன் அந்தக் கதையிலேயே எல்லோரையும்விட நன்றாகக் கவனிக்கிறவன். நாயகன் தன் துயரத்தில் மூழ்கியிருப்பான், தன் காதலில் மூழ்கியிருப்பான், தன் சத்தியத்தில் மூழ்கியிருப்பான். வில்லன் எதிராளியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இவனுக்கு எது வேண்டும்? இவன் எதற்குப் பயப்படுகிறான்? இப்போது எந்த அவசரத்தில் இருக்கிறான்? சகுனிக்குப் பகடை மட்டுமா தெரியும்? ஆடத் தெரியாவிட்டாலும் அழைத்தால் மறுக்காத தருமன் தெரியும். பகடை யார் வேண்டுமானாலும் உருட்டலாம்.

கம்பனின் கூனியைப் பாருங்கள். அவளைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம், பெரும்பாலும் திட்டியிருக்கிறோம். அவள் செய்கிற வேலையை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. அவள் முதலில் தோற்கிறாள். இதை மறந்துவிடுகிறோம். இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். கூனி அதைத் தூக்கி எறிகிறாள். கோபமாகப் பேசிப் பார்க்கிறாள். கைகேயி அவளைக் கடுமையாகக் கடிந்துகொள்கிறாள். எனக்கும் நல்லவள் இல்லை, என் மகனுக்கும் நல்லவள் இல்லை நீ என்கிறாள். வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள்.

கூனி போகவில்லை. பூட்டுக்காரன் கொத்தில் இருக்கிற ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள். மகனுக்கு ராஜ்யம் போய்விட்டதே என்றாள், திறக்கவில்லை. நாளைக்கு உன்னிடம் யாராவது வந்து உதவி என்று கேட்டால், போய்க் கோசலையிடம் கை நீட்டி வாங்கியா கொடுப்பாய் என்றாள், கொஞ்சம் அசைந்தது. கடைசியில் ஒன்று சொன்னாள். உன் பிறந்த வீட்டை நினைத்துப் பார். சீதையின் தகப்பன் சனகன், உன் தகப்பன்மேல் பாயாமல் இருப்பது உன் கணவனுக்குப் பயந்துதான். நாளை சனகனின் மருமகன் கையில் ஆட்சி வந்துவிட்டால் உன் தகப்பன் கதி என்ன?

திறந்துவிட்டது. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும், பட்டத்து அரசியே ஆனாலும், பிறந்த வீட்டுக்கு ஒன்று என்றால் ஒரு பெண் என்ன ஆவாள் என்பது கூனிக்குத் தெரியும். வசிட்டருக்குத் தெரியாது. தசரதனுக்குத் தெரியவே தெரியாது. அறுபதினாயிரம் மனைவியர் இருந்தும் அவனுக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

கல்கியின் நந்தினியும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் அவளுக்காகக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. பெரிய பழுவேட்டரையரிடம் ஒரு குரல், கந்தமாறனிடம் ஒரு குரல், பார்த்திபேந்திரனிடம் ஒரு குரல், ஆதித்த கரிகாலனிடம் அவளுக்கே அடங்காத ஒரு குரல். எவருக்கு எது பசி என்று பார்த்து அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். நாவல் முழுக்க அவளுடைய பலம் இந்த ஒன்றுதான். அவள் நேரடியாகச் சண்டைக்குப் போயிருந்தால் இரண்டாம் பாகத்திலேயே நமக்கு அவள் அலுத்துப்போயிருப்பாள்.

சரி, சினிமாவுக்கு வருவோம். தூங்குகிறவர்களும் கொஞ்சம் எழுந்து உட்காருவார்கள்.

வீரப்பாவின் சிரிப்பு நமக்கெல்லாம் பிடிக்கும். எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு எப்போதாவது பயந்திருக்கிறோமா? சந்தோஷப்பட்டிருக்கிறோம். நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும்போது, எம்.ஜி.ஆர். வாளை எடுக்கப்போகிறார் என்று தெரியும். கொட்டகையே விசிலடிக்கும். அந்த நம்பியார் நிஜ வாழ்க்கையில் சபரிமலைக்குப் பலரை அழைத்துப்போன குருசாமி என்பதை வியந்து வியந்து சொல்கிறோம். அதில் வியக்க என்ன இருக்கிறது? அவர் திரையில் செய்தது ஓர் அழகான கூத்து. தெருக்கூத்தில் துரியோதனன் வந்து நின்றால் நமக்கு வருகிற மகிழ்ச்சிதான் அது. அந்தக் கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு சரக்கு. பயம் வேறு சரக்கு. அட்டகாசம் செய்கிறவன் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் அவனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். பாட்ஷாவில் ரகுவரன் குரலை உயர்த்தாமல் பேசும்போது கொட்டகை அடங்கியதற்குக் காரணம் அந்தக் கண்கள் எதிராளியை விட்டு நகராததுதான்.

திரையில் நான் உண்மையாகவே பயந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1976-இல் வந்த 'மூன்று முடிச்சு'. கே. பாலசந்தர் படம். ஒரு படகு. அதில் காதலர்கள் இருவர், கமலும் ஸ்ரீதேவியும். துடுப்புப் போடுகிறவன் அந்தக் காதலனின் அறைத்தோழன், ரஜினி. அவனுக்கும் அவள்மேல் கண். பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. காதலன் தவறித் தண்ணீரில் விழுகிறான். நீச்சல் தெரியாது. அவள் அலறுகிறாள். தோழனுக்கு நீந்தத் தெரியும். குதிக்கவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

அந்தக் காட்சியில் கத்தி உண்டா? கிடையாது. அடியாள் உண்டா? கிடையாது. அவன் காதலனைத் தள்ளிவிடக்கூட இல்லை. தற்செயலாக வந்த ஒரு வாய்ப்பை அவன் பார்த்தான். பார்த்த பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்தான். எந்த நீதிமன்றத்தில் நிறுத்தி என்ன குற்றம் சாட்டுவது? அதுதான் நம்மைப் பிடித்து உலுக்குகிறது. சட்டம் தொட முடியாத இடத்தில் நின்று ஒருவன் கொன்றுவிட்டான். பார்த்த சாட்சி ஒருத்திதான். அவளும் பிறகு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாழ வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் யாராலும் கைலாயத்தைத் தூக்க முடியாது. பத்துத் தலை முளைக்காது. ஆனால் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருக்க யாராலும் முடியும். இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோராலும் முடியும், என்னையும் சேர்த்துத்தான்.

அச்சுறுத்துவதைப் பற்றிச் சொன்னேன். நம்ப வைப்பது எப்படி? இங்கே இளம் எழுத்தாளர்கள் ஒரு தவறான பாடத்தைப் படித்து வைத்திருக்கிறார்கள். வில்லன் நம்பும்படியாக இருக்க வேண்டுமா, அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைக் காட்டு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது வருகிற படங்களில் பாருங்கள், இடைவேளைக்குப் பிறகு வில்லனுக்கு அரை மணி நேர முன்கதை. அப்பா அடிப்பார். ஊர் ஒதுக்கும். மழை பெய்யும். பையன் அழுவான். முடிவில் நமக்கு அவன்மேல் பரிதாபம் வருகிறது, பயம் போய்விடுகிறது. பரிதாபமும் பயமும் சேர்ந்து வரலாம். ஆனால் அரை மணி நேரம் மழையில் நனைத்தால் வராது.

கம்பன் கூனிக்கு எவ்வளவு முன்கதை வைத்தான்? ஒரு வரி. சிறுவனாக இருந்தபோது இராமன் வில்லில் மண் உருண்டை வைத்து அவள் முதுகுக் கூனில் அடித்தான், அதை அவள் மனதில் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். பிள்ளை விளையாட்டு. அடித்தவன் மறந்துவிட்டான் என்றுதான் நினைப்போம். அங்கேதான் கம்பனின் கை தெரிகிறது. எத்தனையோ ஆண்டு கழித்து, கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கும்போது, சிறியவர்கள் என்று எண்ணி யாரையும் நோகடிக்காதே, கூனிக்கு நான் செய்த தீங்கால்தான் இத்தனை துன்பம் அடைந்தேன் என்று இராமன் வாயாலேயே சொல்ல வைக்கிறான். வில்லியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த பற்று, நாயகன் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது! தொகையும் சரியாக இருக்கிறது. இதைவிட அவளை எப்படி நம்ப வைப்பது?

ஆக, வில்லனுக்குத் தேவை கண்ணீர்க் கதை இல்லை. அவன் பக்கத்தில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கின்படி அவன் செய்வது நியாயம். அதைச் செய்யாவிட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வராது.

2018-இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் வரும் கிழவரை நினைத்துப் பாருங்கள். கராத்தே வெங்கடேசன் நடித்தார். நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற, நாம் எழுந்து இடம் கொடுக்கிற ஒரு தாத்தா. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைக் கொல்வதுதான் அவர் வேலை. விபத்து போலவோ தற்கொலை போலவோ தெரிகிற மாதிரி கொல்வார். அதற்குக் காசு வாங்க மாட்டார். அவருக்கு அது தொழில் கிடையாது. சாமிக்குச் செய்கிற கடமை. முகத்தில் வெறி இல்லை. கோபம்கூட இல்லை. கோயில் வேலை பார்க்கிறவரின் அடக்கம்தான் இருக்கிறது. படத்தின் நாயகன் பரியனைக் கொல்ல முடியாமல் தோற்றபோது அவர் என்ன செய்கிறார்? தண்டவாளத்தில் தலையை வைத்துப் படுத்துவிடுகிறார். மற்றவர்களுக்கு என்ன தீர்ப்பு எழுதினாரோ அதே தீர்ப்பைத் தனக்கும் எழுதிக்கொள்கிறார்.

அந்த இடத்தில் எனக்குக் குலைநடுங்கியது. அதுவரை அவரைக் கொலைகாரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கொள்கைக்காரர் என்பது அப்போதுதான் உறைத்தது. காசுக்குக் கொல்கிறவனுக்கு அதிகக் காசு கொடுத்து நிறுத்தலாம். இவரை எதைக் கொடுத்து நிறுத்துவது? இவரைக் கவனிக்கிறவர் என்று சொல்லலாமா என்றால், நிச்சயமாகச் சொல்லலாம். யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தப் பையன் எந்த வழியாகத் தனியாக வருவான் என்று ஊரே பார்க்காததை அவர் பார்த்துவைத்திருக்கிறார். தாத்தாவை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இப்போது ஒரு சங்கடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் பாதி உண்மையைச் சொன்னதாகிவிடும். வில்லனை இவ்வளவு நன்றாக எழுதினால் ஜனங்கள் அவன் பக்கம் போய்விட மாட்டார்களா?

போவார்கள். போயிருக்கிறார்கள். அதே இயக்குநரின் 'மாமன்னன்' 2023-இல் வந்தது. ஃபகத் ஃபாசில் அதில் ரத்னவேலு. படத்தின் தொடக்கத்திலேயே, பந்தயத்தில் தோற்ற குற்றத்துக்காகத் தான் வளர்த்த நாயை அடித்தே கொல்கிறான். அவன் யார் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அப்படியும் படம் ஓ.டி.டி.யில் வந்தவுடன் அவன் காட்சிகளை மட்டும் வெட்டி, தங்கள் சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி, சமூக ஊடகத்தில் அவனை நாயகனாக்கிவிட்டார்கள். சாதி வெறியைக் கண்டித்து எடுத்த படத்தின் வில்லனுக்குச் சாதிப் பாட்டு! இயக்குநர் கெட்டவர்களைத் தேடிப் படமெடுத்தார். அவர்களோ கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டார்கள்.

இராவணனும்தானே நாயகனானான் என்று கேட்பீர்கள். ஆனான். ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் கம்பீரமாக அவனை மேடையேற்றினார். புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948-இல் அரசு அதைத் தடை செய்தது; தடை நீங்க 1971 ஆனது. ஆனால் அந்தக் கதையும் இந்தக் கதையும் ஒன்றில்லை. புலவர் குழந்தை முழுக் காவியத்தையும் திருப்பி எழுதினார். இன்னொரு பக்கத்துக் கணக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை காட்டினார். அது வாதம், எதிர்வாதம் செய்யலாம். ரத்னவேலுவின் ரசிகர்கள் எந்தக் கணக்கையும் காட்டவில்லை. நாயை விட்டுவிட்டு மீசையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

இதில் எழுதுகிறவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதையும் இளங்கோவிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். கோவலன் விழுந்த பிறகு பொற்கொல்லன் என்ன ஆனான்? சிலம்பை எடுத்துக்கொண்டு போய் அரசனிடம் நின்றானா? பரிசு வாங்கினானா? மனைவியிடம் சொன்னானா? அவன் தனியாக எப்படிச் செத்தான்? இளங்கோ காட்டவில்லை. வாள் வீசப்பட்ட கணத்திலேயே அவனை விட்டுவிட்டு வந்துவிடுகிறார். அடுத்து நாம் இருப்பது ஆயர்பாடியில், தயிர் உறையாமல் மனம் கலங்கி நிற்கும் பெண்களோடு. பிறகு கண்ணகியோடு. இறுதிவரை கண்ணகியோடு. வில்லனைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார், எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவு பார்த்தார், பிறகு அவனால் நொறுங்கியவளோடு நடந்தார்.

பிறகு ஒரு செய்தி மட்டும் வருகிறது. கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று. ஒருவன் சொன்ன பொய்க்கு, அந்த மாதிரியே கொறடு பிடித்த குற்றத்துக்காக ஆயிரம் பேர். கண்ணகியின் நியாயத்தைப் பேசுகிற நம் மேடைகளில் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். என்னால் தாண்ட முடியவில்லை. ஆராயாமல் கொன்ற அரசனுக்குப் பிறகு வந்தவன், ஆராயாமல் ஆயிரம் பேரைக் கொல்கிறான். பொற்கொல்லன் காவலர்களுக்கு நடத்திய பாடத்தை அரண்மனை நன்றாகத்தான் படித்திருக்கிறது.

எழுதப்போகிற இளைஞர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்கள் வில்லன் ஓர் அறைக்குள் முதல்முறையாக நுழைகிற காட்சியை எழுதுங்கள். ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உடையை வர்ணிக்காதீர்கள், தழும்பை வர்ணிக்காதீர்கள், செருப்புச் சத்தம் வேண்டாம். அவன் கண் எங்கே போகிறது என்று மட்டும் எழுதுங்கள். மொய் எழுதுகிற இடத்தில் யார் தயங்கித் தயங்கிக் கவரை நீட்டினார்கள் என்று பார்க்கிறானா? பந்தியில் எந்தச் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பார்க்கிறானா? மாப்பிள்ளையின் தம்பி மண்டபத்துப் பின்வாசலுக்கு எத்தனை தடவை போய்வருகிறான் என்று எண்ணுகிறானா? கிளம்பும்வரை அவனை யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேச விடாதீர்கள். சாப்பிடட்டும். மொய் எழுதட்டும். போகும்போது பெண்ணின் தகப்பனாரைத் தேடிப் போய், ரொம்ப நிறைவான கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் படிப்போம்.

நான் எனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம். மைக்கை முதலில் அந்த அம்மாவிடம் கொடுங்கள், இராவணனைப் பற்றிச் சொன்னதிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.